ரப்பர் இழுக்கட்டும்

ஆஸ்பத்திரி ஸ்டோருக்கு வருகிறவர்கள் பஞ்சு கேட்பார்கள், துணிக்கட்டு கேட்பார்கள், மண்ணெண்ணெய் கேட்பார்கள். ஞானம் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "ராவுத்தரே, ஒடஞ்ச கொடை ஏதாவது இருக்கோ?" என்று கேட்டார். நான் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தேன். மழை இல்லை. இருந்தாலும் உடைந்த குடையை வைத்துக்கொண்டு இந்த அம்மா என்ன செய்யப் போகிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அது எழுபத்து நாலாம் வருஷம். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கென்று இருந்த சின்ன ஆஸ்பத்திரி. நான் சைனுதீன், பாலக்காட்டு ராவுத்தர், அங்கே ஸ்டோர் கீப்பர். சாவிக்கொத்து எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கும். கேட்டதைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பழையதைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதியது தருவேன். கொடுத்த சாமானைத் திருப்பி வாங்காமல் விடவும் மாட்டேன். இதற்காக நர்சுகள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

ஞானமும் எங்கள் ஊர்தான், கல்பாத்தி. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குப் போய் ஆக்குபேஷனல் தெரபி படித்தவர். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, பிறகு இது என்ன படிப்பு என்று ஊரில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்களாம். கட்டையான உருவம், தடித்த கண்ணாடி, வராந்தா கடைசி வரைக்கும் கேட்கிற குரல். அவர் வேலையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். விபத்திலோ வியாதியிலோ முடங்கிப்போன கைக்கு, அந்த ஒரு கைக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஒரு தாங்கு கருவி செய்து மாட்டி, அது மறுபடி சோறு பிசைய, பட்டன் போட, கத்தி பிடிக்கப் பழக்க வேண்டும். அதை அவர் ஸ்பிளிண்ட் என்பார். தோட்டத்து ஜனங்கள் கைக்கூடு என்றார்கள். செய்வது, அவ்வப்போது திருத்துவது, மாற்றி அமைப்பது எல்லாம் அவரேதான். சொல்வதற்குத்தான் சுலபம்.

உடைந்த குடை எதற்கென்று சீக்கிரமே தெரிந்தது. செல்லாத்தாள் என்று ஒரு பெண், படிக்கட்டில் விழுந்து மேல்கை எலும்பு முறிந்தவள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் நரம்பு அடிபட்டதில் மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது. கையை நீட்டினால் ஈரத்துணி மாதிரி விழும். எதையும் பிடிக்க முடியாது. ஞானம் குடைக்கம்பிகளை வளைத்து, ஒரு தோல் பட்டையில் கோத்து, அவள் முன்கையில் கட்டினார். கம்பி நுனியிலிருந்து ரப்பர் வளையங்கள் இறங்கி ஒவ்வொரு விரலையும் தூக்கிப் பிடித்தன. "டம்ளரை எடு" என்றார். செல்லாத்தாள் எடுத்தாள், குடித்தாள். குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்கோ அந்தப் பக்கம் போன நான் வந்த வேலையை மறந்துவிட்டேன்.

"என்ன ராவுத்தரே, வாயப் பொளந்துண்டு நிக்கறேள்? இங்க வந்து உக்காருங்கோ. கையை மேசை மேல வையுங்கோ. இப்போ விரலை மட்டும் ஆட்டுங்கோ. முழங்கைக்குக் கீழ என்ன நடக்கறதுன்னு பாருங்கோ."

பார்த்தேன். விரல் இங்கே ஆடினால் தோலுக்கடியில் அங்கே என்னவோ புரள்கிறது.

"விரலுக்குள்ள சதையே கெடையாது. வேலைக்காரா முக்காவாசிப் பேர் அங்க முழங்கைப் பக்கத்துல நின்னுண்டு கயித்தைப் பிடிச்சு இழுக்கறா. அந்தக் கயிறெல்லாம் மணிக்கட்டு வழியா வந்து விரல் நுனில முடிஞ்சிருக்கு. அதாக்கும் சங்கதி. மனசிலாச்சோ?"

இந்தக் கையால்தான் அரை நூற்றாண்டாகச் சாப்பிட்டிருக்கிறேன், பூட்டியிருக்கிறேன், தொழுகையில் கட்டி நின்றிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாவியைத் திருப்பும்போதெல்லாம் மற்ற கையால் முன்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். படைத்தவன் எப்பேர்ப்பட்ட நுணுக்கக்காரன் என்று வாய்விட்டே சொன்னேன். கேட்ட கம்பவுண்டர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

அந்தக் கயிறு அறுந்துபோனால்தான் உண்மையான தொல்லை. அதற்குத் தசைநாண் என்று பெயர். எங்கள் சர்ஜன் டாக்டர் மரியஜோசப் அறுந்த நாணைத் தேடிப் பிடித்துத் தைப்பதில் கெட்டிக்காரர். தைத்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் அவருக்கும் ஞானத்துக்கும் வாக்குவாதம். மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் நாண் கூடும். ஆனால் சுற்றியுள்ள சதையோடும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கட்டைப் பிரித்தால் விரல் இருக்கும், மடங்காது. சும்மா விட்டாலோ, கை தைக்கப்பட்டவன் எதையாவது பிடிப்பான், தையல் பிய்ந்துவிடும். அசையவும் வேண்டும், அவன் இழுக்கவும் கூடாது. ஞானம் படித்துவிட்டு வந்த வழி இதுதான்: விரலை அவன் திறக்கலாம். மூடுவது மட்டும் அவன் வேலை இல்லை. நகத்தில் கோத்த நூலில் ஒரு ரப்பரை மாட்டி, அந்த ரப்பர் விரலை மூடட்டும். தைத்த நாண் வலி தெரியாமல் உள்ளே போய்வந்துகொண்டிருக்கும், ஒட்டாது. இதை முதலில் யோசித்தவன் எந்தத் தேசத்தானோ, அவன் கையை முத்தமிடலாம்.

ஆனால் அந்த வழியில் ஞானம் கவனித்த முதல் ஆள் பிச்சைமணி, பாதியிலேயே கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பலாப்பழத்தைத் தூக்கினான். நாண் அறுந்தது. அன்று டாக்டர் ஞானத்தை அழைத்து நிதானமாகத்தான் பேசினார். சாமான் பட்டியலோடு போன நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"உங்க படிப்புல தப்பில்ல ஞானம். ஆனா இந்த மலையில இது நடக்காது. சும்மா இருன்னு சொன்னா இவங்க கைக்கு சும்மா இருக்கத் தெரியாது. இன்னொரு தடவை பாருங்க. அதுவும் அறுந்துச்சுன்னா இதோட விட்டுரலாம். எல்லாருக்கும் மாவுக்கட்டுதான்."

அந்த இன்னொரு தடவையாக வந்தவன்தான் சுடலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவன் அப்பா காலத்தில் மலையேறிய குடும்பம். காற்றில் பிய்த்துக்கொண்டு வந்த கூரைத் தகரம் வலது மணிக்கட்டுக்கு மேலே உள்பக்கமாகக் கிழித்துவிட்டது. நாலு விரலின் நாணும் போயிருந்தது. டாக்டர் தைத்தார். இனி அந்தக் கை மடங்கவில்லையென்றால் தோட்டத்தில் அவன் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அவன் மனைவி இசக்கி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, கேட்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

ஞானம் என் ஸ்டோருக்கு வந்து மூலையைக் காட்டினார். கக்கூஸ் வேலைக்கென்று வந்திருந்த பெரிய பிளாஸ்டிக் குழாய் அங்கே கிடந்தது.

"ஏனுங்கம்மா, கக்கூஸ் கொழாயைப் போயி மனுசன் கையில மாட்டுவீங்களா?"

"தான் எங்க போகப்போறோம்னு கொழாய்க்குத் தெரியுமோ, ராவுத்தரே? எடுங்கோ."

தச்சனைக் கொண்டு ஒரு துண்டு அறுத்து, அதை நீளவாக்கில் பிளந்து, மண்ணெண்ணெய் அடுப்பில் காட்டினார். வாட்டிய வாழையிலை மாதிரி அது வளைந்து கொடுத்தது. தையல் ஆறாத கையில் அந்தச் சூட்டோடு வைக்க முடியாது. அதனால் அளவெடுக்க அதே பருமனில் ஒரு கை வேண்டுமாம். டிரைவர், தோட்டி, கம்பவுண்டர் என்று எல்லாருடைய கையையும் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரத் துண்டைச் சுற்றி அதன் மேல் குழாயை வைத்து அழுத்தினார். துண்டையும் தாண்டிச் சூடு வந்தது. நான் போட்ட சத்தம் பிரசவ வார்டு வரைக்கும் கேட்டதாம்.

"அசையப்படாது ராவுத்தரே! இப்போ இது சுடலையோட கையாக்கும்."

மணிக்கட்டு உள்பக்கமாகக் கொஞ்சம் மடங்கி, விரல்களுக்கு மேலே கூரை போட்ட மாதிரி ஒரு வளைவு வந்தது. விரல் அந்தக் கூரை வரைக்கும் திறக்கலாம், அதற்கு மேல் போக முடியாது. பிறகு அதைச் சுடலையின் கையில் வைத்து வைத்துப் பார்த்து, எலும்பு இடிக்கிற இடத்திலெல்லாம் காய்ச்சிய கரண்டியால் நீவித் திருத்தினார். பழைய கம்பளியை வெட்டி உள்ளே ஒட்டினார். ரப்பருக்கு என் ஸ்டோரில் கிழிந்துபோன ஆபரேஷன் கையுறைகளைத்தான் வாங்கிக்கொண்டார். அதை நாடா நாடாவாக வெட்டி, ஒவ்வொன்றையும் தன் விரலில் மாட்டி இழுத்து இழுத்துப் பார்ப்பார். ஒரு நூலளவு அதிகமாக இழுத்தால் விரல் திறக்கத் திணறும், ஒரு நூலளவு குறைந்தால் விரல் பாதியில் தொங்கும். நாலு விரலுக்கும் நாலு விதமான இழுப்பு. அவர் திருப்திப்படும் வரைக்கும் எத்தனை கையுறை போனதோ, எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"திற" என்பார். சுடலை விரல்களைக் கூரை வரைக்கும் நீட்டுவான். "விடு. நீ ஒண்ணும் பண்ணாதே. ரப்பர் இழுக்கட்டும்." விரல்கள் பூ கூம்புகிற மாதிரி உள்ளங்கைக்கு வந்து சேரும். மணிக்கு மணி இதுதான். எனக்கு அதைப் பார்க்க அலுக்கவே இல்லை.

சுடலைக்கு அந்த 'ஒண்ணும் பண்ணாதே' தான் பெரிய கஷ்டம். ஒரு தட்டு சரிந்தால் போதும், கை தானாகப் பாயும். தூக்கத்தில்கூட விரல்கள் எதையோ பிடிக்கப் போகும். பயந்துகொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவான். முகம் வற்றிப்போய்விட்டது.

"இதை உன் கைன்னு நெனைக்காதே சுடலை. அடுத்தவா கை, பத்திரமா வச்சுக்கோன்னு உங்கிட்ட குடுத்துருக்கான்னு நெனச்சுக்கோ" என்று ஞானம் சொல்லிப் பார்த்தார்.

"அடுத்தவுக கைன்னா எனக்கு ஏம்மா வலிக்கி?" என்றான் அவன்.

இப்படியே ஐப்பசி வந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சுடலை ஞானத்தின் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, கத்தியையும் மம்பட்டியையும் நான் வச்சுக் கும்பிடாம ஒரு வருசம் போனதில்ல. இந்த வருசந்தான் அவசியமா வைக்கணும். காலைல போயிட்டு சாயங்காலம் வந்திருதேன்."

டாக்டர் கூடாது என்றார். "நான் பொறுப்பு டாக்டர்" என்றார் ஞானம். சுடலையிடம் திரும்பி, கழற்றக் கூடாது, நனைக்கக் கூடாது, எதையும் பிடிக்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். அவன் மூன்று தடவையும் தலையாட்டினான். பிச்சைமணியும் இப்படித்தான் தலையாட்டினான் என்று நான் சொன்னேன். ஞானம் என்னைப் பார்த்த பார்வையில் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பூஜையன்று சாயங்காலம் தோட்டத்து வண்டி வந்தது. அதில் சுடலை இல்லை. அன்று பெய்த மழையில் அதற்குப் பிறகு எதுவும் மலையேறவில்லை. ஞானம் மறுநாள் காலையில் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "கழட்டியிருப்பான்." இரண்டாவது வார்த்தை, "பூஜைல வச்சிருப்பான்."

எனக்குச் சுரீரென்றது. அந்த ஜனங்களை எனக்குத் தெரியும். அன்றைக்குக் கையில் புழங்குகிற கருவி எதுவானாலும் துடைத்துப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைப்பார்கள். வைத்ததை மறுநாள் காலை பூஜை முடியும் வரைக்கும் தொடமாட்டார்கள். தராசு, தையல் மெஷின், லாரி எல்லாம் அப்படித்தான். கைக்கூடு மட்டும் என்ன விலக்கு? கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பகல், ஒரு இரவு, வெறும் கையோடு. பலாப்பழம்கூட வேண்டாம். தூக்கத்தில் ஒரு தடவை இறுக்கிப் பிடித்தால் போதும்.

டிரைவர் இன்னாசிராஜ் ஜீப்பை எடுத்தான். வழியெல்லாம் சேறு. ஞானம் முன்சீட்டில் கம்பியைப் பிடித்தபடி வந்தார். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு சுடலையைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டாவிட்டால் எனக்குப் பயமாக இருந்தது.

லயத்து வாசலில் இசக்கி நின்றாள். "வாங்கம்மா, மெல்ல வாங்க" என்று வழிவிட்டாள். உள்ளே இருட்டு. சாமி படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு மட்டும். அந்த வெளிச்சத்தில் வரிசை தெரிந்தது. கடப்பாரை, மண்வெட்டி, வெட்டுக்கத்தி, இசக்கியின் ஏலக்காய்க் கூடை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வரிசையின் கடைசியில், வாழையிலை மேல், என் ஸ்டோர் குழாய். அதற்கும் பொட்டு வைத்து ஒரு செவ்வந்திப் பூ வைத்திருந்தது.

ஞானம் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். "போச்சு ராவுத்தரே" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அப்போது குழாய்க்குப் பின்னால் இருட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கண் பழகியதும் பார்த்தேன். சுடலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் வலது கை தரையோடு நீண்டு, அடியில் மடித்து வைத்த சாக்கின் மேல் கிடந்து, முன்கையோடு அந்தக் குழாய்க்குள் இருந்தது. ரப்பர் நாலும் அதனதன் இடத்தில். விரல்கள் உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தன. அவன் கூட்டைக் கழற்றவில்லை. கையோடு சேர்த்து வைத்துவிட்டான்.

"சாயங்காலம் வரேன்னு சொன்னியேடா!" என்று நான் கத்தினேன்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. ஞானத்திடம் சொன்னான்.

"கத்தியும் மம்பட்டியும் வச்சேம்மா. இப்ப எனக்கு ஆயுதம்னா இதுதான. இத விட்டுட்டு மத்தத மட்டும் வச்சா சாமி கேக்காதா? கழத்தி வைக்க நீங்க விடமாட்டிய. அதான் இப்படி வச்சேன். வச்ச பொறவு எடுக்கப்புடாதுல்லா? நேத்து காலைல இருந்து அசைக்கல."

இசக்கி தலையில் அடித்துக்கொண்டாள். "சோறு ஊட்டி விட்டேம்மா. ஒறங்குதப்பவும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டேன். சொன்னா கேக்க மாட்டாரு."

இடையில் வெளியே போக வேண்டி வந்திருக்குமே, அதற்கு என்ன செய்தான் என்று நான் பின்னால் ஒரு நாள் கேட்டேன். அவன் சொல்லவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

ஞானம் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "ராத்திரி தூங்கினியோ?" என்று கேட்டார்.

"நல்லா ஒறங்கினேம்மா. ஆஸ்பத்திரியில கை என்ன செய்யுமோ ஏது செய்யுமோன்னு முழிச்சி முழிச்சிப் பாப்பேன். நேத்து அந்தப் பயமே இல்ல. நேத்து அது என் கை இல்லல்லா? சாமிக்கு வச்சது. அதுல எனக்கு என்ன சோலி?"

ஞானம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வாரக்கணக்காக அவர் எந்த மொழியிலெல்லாமோ சொல்லிப் பார்த்து அந்தக் கைக்கு ஏறாத ஒரு விஷயத்தை, ஒரு பொட்டுச் சந்தனம் சொல்லிவிட்டது. நான் வேறு மார்க்கத்துக்காரன். ஆனாலும் படைத்தவனுக்கு ஒரு மனிதன் கையைப் பிடித்து நிறுத்த எத்தனை வழி தெரிந்திருக்கிறது என்று அந்த வீட்டில் நின்றபடி மலைத்துப்போனேன்.

ஆனால் கவலை தீரவில்லை. ஒரு பகலும் இரவும் விரல் அசையாமல் இருந்திருக்கிறது. உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால்? ஞானம் எழுந்தார்.

"காலம்பற பூஜை ஆச்சோ இசக்கி? ஆகலையா? அப்போ கற்பூரம் ஏத்து. பூஜையை முடிச்சு ஆயுதத்தை எடுக்கறச்சே மொதல்ல ஒரு வேலை செய்யணுமோல்லியோ? எல்லாரும் செய்யறாளே. இவனும் செய்யட்டும்."

இசக்கி கற்பூரம் காட்டினாள். மண்வெட்டிக்கு, கத்திக்கு, கூடைக்கு, கடைசியில் குழாய்க்கு. சுடலை இடது கையால் ஒற்றிக்கொண்டான். ஞானம் குனிந்து, "திற" என்றார்.

ஆள்காட்டி விரல் எழுந்தது. நடுவிரலும் எழுந்தது. மோதிரவிரல் பாதி தூரம் வந்து நின்றது. சுண்டுவிரல் அசையவே இல்லை. "அவசரமில்லை" என்றார் ஞானம், தனக்கே சொல்லிக்கொள்வது போல. மோதிரவிரல் நடுங்கிக்கொண்டு மேலே போய்க் கூரையைத் தொட்டது. அப்புறம், அதைப் பார்த்துவிட்டுத் தானும் கிளம்பியது மாதிரி, சுண்டுவிரல் வந்தது. நாலும் கூரையில்.

"விடு. ரப்பர் இழுக்கட்டும்."

நாலும் கூம்பின. ஞானம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் வாசலுக்கு வந்து இன்னாசிராஜிடம் ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்தேன். எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது.

அன்றையிலிருந்து ஞானம் தன் முறையை மாற்றிக்கொண்டார். கைக்கூட்டை மாட்டிவிட்டுக் 'கழற்றாதே' என்று சொல்வதை விட்டுவிட்டார். மாட்டுவதற்கு முன்னால், "உங்க வீட்டுல வேலை செய்யற சாமானை எப்படி வச்சுப்பா?" என்று கேட்பார். ஒருவர் கற்பூரம் கொண்டுவருவார். ஒருவர் சிலுவை போட்டுக்கொள்வார். எங்கள் ஜனங்களில் ஒரு கிழவர் பிஸ்மில்லா சொல்லி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட்டையே கொஞ்சம் திருத்தினார் ஞானம். அதன் வெளிப்பக்க முதுகு வளைவில் ஒரு இடத்தை ரூபாய் நாணய அகலத்துக்கு நன்றாக வழித்துத் தட்டையாக்கினார். பொட்டு வைக்க. பம்பாயில் இதற்குப் பாடம் இருந்திருக்காது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். "இது இல்லாட்டா மத்ததெல்லாம் வேலை செய்யாது டாக்டர்" என்றார் ஞானம். டாக்டர் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு மாவுக்கட்டுப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஞானத்தைக் கேட்காமல் கூட்டைக் கழற்றியவர் ஒருவரையும் நான் பார்க்கவும் இல்லை.

பிறகு சுடலையின் கையிலிருந்து ரப்பரை எடுத்தார்கள். முதலில் பஞ்சைப் பிடிக்கவிட்டார்கள், அப்புறம் மாவு உருண்டை, அப்புறம் ஈரத்துணி பிழிய. இதற்கே மார்கழி முடிந்துவிட்டது. தை பிறந்து தோட்டத்தில் வேலைக்கும் போக ஆரம்பித்தான். ஒரு நாள் காலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். வலது கையில் அந்தக் குழாய். பொட்டு காய்ந்து கருத்திருந்தது.

"இத நானே வச்சுக்கிடட்டுமான்னு அம்மாட்ட கேட்டேன். ஸ்டோரு ராவுத்தரோடது, அவுகள்ட்ட கேளுன்னு சொல்லிட்டாக."

"கொடுத்த சாமான் திரும்பி வரணும். அதான் சட்டம். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்றேன். அதோடு, அது என் கையில் வைத்துச் செய்த குழாய். அதன் சூடு எனக்குத்தான் தெரியும். "கொடு இங்கே."

அவன் கையை நீட்டினான். நான் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சுடலை என்னைப் பார்க்கவில்லை. தன் கையையே, யாரோ ஒருவருடைய கையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். நாலு விரலும் குழாயைச் சுற்றி வளைந்திருந்தன. ரப்பர் இல்லை, நூல் இல்லை. அவன் முன்கையில் தோலுக்கடியில், ஞானம் எனக்குக் காட்டிய அதே இடத்தில், வேலைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஞானம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டேள்? இன்னும் நன்னா இழுங்கோ, ராவுத்தரே" என்றார்.

எழுந்து நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இழுத்தேன். இடுப்புச் சாவி குலுங்கியது, மேசை நகர்ந்தது. குழாய் வரவில்லை. நான் விட்டுவிட்டேன்.